அழகையா எந்த நாட்டுக்கு வெளிநாட்டவர்?

அக்காவின் மகள் இந்த வருடம் லண்டன் ஓ லெவல் எடுக்கிறாள். வெள்ளவத்தையில் மரைன் டிரைவுக்கு ஒரு ஒழுங்கை உள்ளே, நாலாம் மாடியில் அவர்கள் வீடு. கரையோர ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடர வேண்டும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பாடத் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். "மாமா, இதை எழுதினவர் எங்கட ஆளா?"

பார்த்தால் பிபிசி செய்தியாளர் ஜோர்ஜ் அழகையா. லண்டன் ஓ லெவலை நடத்துகிற எடெக்செல் அமைப்பின் பாடத் தொகுப்பில், சோமாலியாப் பஞ்சத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு பகுதி இருக்கிறது. 2001இல் வந்த 'எ பாசேஜ் டு ஆபிரிக்கா' என்ற அவருடைய புத்தகத்தில் இருந்து எடுத்தது. கொழும்புச் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் பகுதியை மனப்பாடம் செய்யாத குறையாகப் படிக்கிறார்கள். எழுதியவர் இதே கொழும்பில் பிறந்த தமிழர் என்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, என் மருமகளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அழகையா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது ழகரம் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. பிபிசியில் எல்லாரும் அவரை 'அலகையா' என்றுதான் கூப்பிட்டார்கள். பழந்தமிழில் அலகை என்றால் பேய். அழகு பேயாகிப் போனாலும் ஐயா என்ற மரியாதை மட்டும் தப்பிவிட்டது என்று நான் சொன்ன பகிடிக்கு அவள் சிரிக்கவில்லை.

எங்கட ஆளா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டு நான் பேப்பரைத் தொடர்ந்து வாசித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதருடைய தொழிலின் பெயரே எனக்கு எப்போதும் ஒரு குழப்பம்தான். வெளிநாட்டு நிருபர் என்கிறோம். சரி, அழகையா எந்த நாட்டைச் சேர்ந்தவர், அவருக்கு எது வெளிநாடு? அவர் செய்த வேலையை விளங்கிக்கொள்ள இந்தக் கேள்வியில் இருந்து தொடங்குவதுதான் வசதி என்று நினைக்கிறேன்.

முதலில் ஆளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955 நவம்பர் 22 பிறப்பு. 1961இல் குடும்பத்தோடு கானாவுக்குப் போனார். பதினொரு வயதில் இங்கிலாந்தில் விடுதிப் பாடசாலை. 1989இல் பிபிசியில் சேர்ந்து, பத்து வருடம் போர், பஞ்சம், இனப்படுகொலை என்று நாடு நாடாக அலைந்தார். பிறகு கலையகத்துக்குள் வந்து 2003 தொடக்கம் 2022 வரை, நோய்க்காக விலகியிருந்த காலங்கள் போக, பிபிசியின் மாலை ஆறு மணிச் செய்தியை வாசித்தார். 2023 ஜூலை 24 அன்று 67 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் காலமானார். கறுப்பு ஜூலையின் நாற்பதாவது ஆண்டை நாங்கள் நினைவுகூர்ந்துகொண்டிருந்த அதே நாளில் அந்தச் செய்தி வந்தது. தற்செயல்தான், ஆனாலும் கொழும்பில் இருந்து பார்க்கிற ஒரு தமிழருக்கு அந்தத் தேதி கண்ணில் குத்தாமல் போகாது.

அவருடைய அப்பா டொனால்ட் தண்ணீர் விநியோகம், நீர்ப்பாசனம் சார்ந்த பொறியியலாளர். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம், ஜோர்ஜுக்கு நான்கு சகோதரிகள். ஜோர்ஜ் பிறந்த அடுத்த வருடம், 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தமிழருக்குப் பதவி உயர்வு என்பது சிங்களப் பரீட்சையோடு கட்டிப்போட்ட விஷயமாகிவிட்டது. 1958 மேயில் கலவரம். கொழும்புத் தமிழர்களை அகதி முகாம்களில் சேர்த்து, பிறகு கப்பலேற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். படித்த, கையில் தொழில் இருந்த ஒரு தமிழ்ப் பொறியியலாளர் அந்த வருடங்களில் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. என்னைக் கேட்டால், கொழும்பில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஏதோ ஒரு தலைமுறை அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது.

இன்றைக்கு அந்தக் கணக்கின் விடை கனடா. அன்றைக்குப் பலருக்கு ஆபிரிக்கா. இது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு பழங்கதை. கனடாவும் சுவிசும் எங்கள் வாயில் வருவதற்கு முன்பே நைஜீரியாவுக்கும் சாம்பியாவுக்கும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் இங்கிருந்து போனார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் நைஜீரியாவில் கணிதம் படிப்பித்தவர். அவர் கொண்டுவந்த கருங்காலி யானை, ஒரு தந்தம் உடைந்த நிலையில், நெடுங்காலம் எங்கள் ஷோகேசில் நின்றது. கானா 1957 மார்ச் 6இல் சுதந்திரம் பெற்ற நாடு. வெள்ளைக்கார அதிகாரிகள் போய்விட்ட இடங்களுக்குப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள், நக்ருமா என்ற தலைவருக்குப் பெரிய பெரிய கனவுகள் இருந்தன, தண்ணீர் விஷயம் தெரிந்த ஒரு பொறியியலாளரை வேண்டாம் என்று சொல்கிற நிலையில் அந்த நாடு இல்லை. அழகையாவின் குடும்பம் போன அந்த 1961இல்தான் அங்கே அகொசோம்போ அணை கட்டத் தொடங்கினார்கள்.

ஆக, ஐந்தாறு வயதுப் பையனுக்கு ஆபிரிக்கா என்பது பஞ்சப் படமாக அறிமுகமாகவில்லை. அப்பாவுக்கு வேலை கொடுத்த இடம், தான் பள்ளிக்கூடம் போன இடம், பெரியவர்கள் நாளைக்கு எல்லாம் நல்லாக வரும் என்று பேசிக்கொண்டிருந்த இடம் அது. 1966 பெப்ரவரியில் நக்ருமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த நேரம் பார்த்து இராணுவம் ஆட்சியைப் பிடித்ததையும் அந்தப் பையன் அங்கே இருந்துதான் பார்த்தான். பின்னாட்களில் அவர் எழுதியதை எல்லாம் வாசித்தால், ஆபிரிக்காவில் ஏதாவது பிசகிப்போகும்போது வெளியே நின்று உச்சுக்கொட்டுகிறவரின் தொனி அதில் இருக்காது, நன்றாக வர வேண்டிய சொந்தக்காரப் பிள்ளை கெட்டுப்போனதைப் பார்க்கிறவரின் ஆதங்கம்தான் இருக்கும்.

இங்கிலாந்துப் படிப்பை வேகமாகத் தாண்டிவிடலாம். போர்ட்ஸ்மவுத்தில் சென் ஜோன்ஸ் கல்லூரி விடுதி, பிறகு டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அரசியல், அங்கே மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியர். தன்னோடு படித்த பிரான்சிஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை 1984இல் கலியாணம் செய்தார், இரண்டு மகன்கள். இதைவிட முக்கியம், அவருக்கு முதலில் ஒழுங்கான வேலை கொடுத்த 'சவுத்' என்ற சஞ்சிகை. பாகிஸ்தானைச் சேர்ந்த அல்தாஃப் கௌஹர் லண்டனில் இருந்து நடத்தியது. உலகச் செய்தியை எல்லாம் லண்டனும் நியூயோர்க்கும்தான் தீர்மானிக்க வேண்டுமா, ஏழை நாடுகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதே செய்தி எப்படித் தெரியும் என்ற கேள்வியோடு வந்த சஞ்சிகை அது. அழகையா அதில் ஏழு வருடம் வேலை செய்தார், ஆபிரிக்கப் பகுதிக்குப் பொறுப்பாகவும் இருந்தார். வட்டி, கடன், உரவிலை, கோப்பி விலை, உலக வங்கி நிபந்தனை என்று சுவாரசியமில்லாத விஷயங்களைப் பற்றி அங்கே எழுதிப் பழகியவர் பிறகு தொலைக்காட்சிக்கு வந்ததால், ஒரு பட்டினிக் குழந்தையின் முகத்துக்குப் பின்னால் என்னென்ன கணக்குகள் ஓடுகின்றன என்பது அவருக்கு ஓரளவு தெரிந்திருந்தது. தொலைக்காட்சி நிருபர்களில் இது அவ்வளவு சாதாரணமாகக் கிடைக்கிற தகுதி இல்லை.

1989இல் பிபிசி. அங்கே அவருக்குக் கொடுத்த பதவியின் பெயர் 'வளர்முக உலக நிருபர்'. லண்டனில் இருந்தபடி முக்கால்வாசி உலகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தென்னாபிரிக்காவில், ஜொஹன்னஸ்பேர்க்கில் இருந்து தென் ஆபிரிக்கப் பிராந்தியத்துக்கு நிருபர்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதைக் கமராவின் மற்றப் பக்கத்தில் நின்று மட்டும்தான் பார்த்திருக்கிறோம். ஒரு இடத்தில் ஏதோ வெடிக்கிறது. தலைமையகம் இரண்டு மூன்று பேரை அனுப்புகிறது: நிருபர், கமராக்காரர், சிலவேளை ஒரு தயாரிப்பாளர். வந்து இறங்கியதும் அவர்களுக்கு முதல் தேவை உள்ளூர் ஆள் ஒருவர். மொழி தெரிந்தவர், எந்தச் சோதனைச் சாவடியில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரிந்தவர், வாகனம் பிடித்துத் தருகிறவர். படம் எடுத்தாயிற்று என்றால் அது லண்டன் போக வேண்டும். தொண்ணூறுகளில் இப்போதுபோல் கைப்பேசியில் தட்டிவிட முடியாது. பக்கத்தில் செய்மதி வசதி இல்லையென்றால் நாடாவை விமானமேற்றி, வசதியுள்ள நகரம் ஒன்றுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் கடைசியில் கிடைப்பது இரண்டரை நிமிடம், நல்ல நாளென்றால் மூன்று. அந்த இரண்டரை நிமிடத்துக்குள் ஒரு நாட்டின் கதையைச் சொல்ல வேண்டும், லண்டனில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர் சனலை மாற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் நிருபர் விமானம் ஏறிவிடுவார். உள்ளூர் ஆள் ஊரிலேயே இருப்பார். யாழ்ப்பாணத்தில் இருந்து பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜனை 2000 ஒக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நேரத்தில், அவருடைய வீட்டில் வைத்தே கொன்றார்கள். வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் வன்னிக்குப் போய்த் திரும்பும் வழியில் லண்டன் 'சண்டே டைம்ஸ்' நிருபர் மரி கொல்வின் ஒரு கண்ணை இழந்தார், 2012இல் சிரியாவில் உயிரையே விட்டார். ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டு நிருபருக்கு வெளியேறும் வழி ஒன்று இருக்கும், அது அவருக்கும் தெரியும், அவர் படம் பிடிக்கிறவருக்கும் தெரியும்.

மருமகளின் பாடப் பகுதி இந்த இடத்தைத்தான் தொடுகிறது.

பின்னணி இதுதான். சோமாலியாவில் 1991 ஜனவரியில் சியாத் பாரேயின் ஆட்சி விழுந்தது, நாடு ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது. வயலும் களஞ்சியமும் சூறையாடப்பட்டு, உணவு லொறிகளை வழிமறித்துப் பிடுங்குவதே ஒரு தொழிலாகிப் பஞ்சம் வந்தது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1992 டிசம்பர் 9ஆம் தேதி அதிகாலையில் அமெரிக்க மரைன் படை மொகதிஷுக் கடற்கரையில் இறங்கியபோது அவர்களை வரவேற்க எதிரிகள் யாரும் இருக்கவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள்தான் விளக்குகளோடு மணலில் காத்துக்கொண்டு நின்றார்கள். அப்படி ஒரு காலம் அது.

அழகையா எழுதியது அந்தக் கடற்கரையைப் பற்றி இல்லை. உதவி நிறுவனங்கள் இன்னும் எட்டிப்பார்க்காத உள்நாட்டுக் கிராமம் ஒன்றுக்கு அவர் போகிறார். ஒரு குடிசையில் பத்தும் ஒன்பதுமாக இரண்டு சிறுமிகள் பட்டினியின் கடைசிக் கட்டத்தில் கிடக்கிறார்கள். தாய் கிழங்கு தேடிப் போயிருக்கிறாள். அவள் திரும்பி வருவதற்குள் ஒரு பிள்ளை போய்விட்டது. எழுத்து முழுவதும் இப்படித்தான், சத்தம் போடாமல், ஒரு முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுகிறவர்போல் எழுதிக்கொண்டு போகிறார். நடுவில் தன் தொழிலைப் பற்றி ஒரு உண்மையையும் உடைத்துவிடுகிறார். முதல் நாள் திடுக்கிட வைத்த காட்சி அடுத்த நாள் போதவில்லை, அதைவிடக் கொடியது ஒன்றைத் தேடினோம், போதைக்குப் பழகியவருக்கு அளவு கூடிக்கொண்டே போவதுபோல என்று ஒப்புக்கொள்கிறார். கேட்கக் கூசுகிற விஷயம். ஆனால் இதை ஒரு நிருபரே எழுத்தில் சொல்வது லேசு இல்லை.

பிறகுதான் அந்த முகம். ஒரு குடிசை வாசலில் ஒரு மனிதர், எலும்பும் தோலுமாக, ஒரு கணம் இவரைப் பார்த்துச் சிரிக்கிறார். அழகையாவுக்கு அது புரியவில்லை. அழுதிருந்தால் புரிந்திருக்கும், கை நீட்டியிருந்தாலும் புரிந்திருக்கும், அந்த மாதிரி முகங்களை எப்படிப் படமெடுப்பது என்பதில் அவருக்குப் பழக்கம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரிக்கிறார். வந்த பதில், அவர் வெட்கப்படுகிறார் என்பது. இந்தக் கோலத்தில் தன்னை ஒருவர் பார்க்க நேர்ந்துவிட்டதே என்ற கூச்சம்.

மருமகளுக்கு இந்த இடம் விளங்கவில்லை. பட்டினியில் சாகிற மனிதருக்கு என்ன வெட்கம் என்று கேட்டாள். நான் சொன்னேன்: வீடு கூட்டாமல் கிடக்கும்போது திடீரென்று ஆட்கள் வந்துவிட்டால் உன் அம்மம்மா "குறை நினையாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரிப்பாவே, அதுதான் இது.

அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு உதாரணம் கைவசம் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் வந்து சேர்ந்தவர்களில் எங்கள் வீடும் ஒன்று. எனக்குப் பன்னிரண்டு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், வாங்குகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, ஏழெட்டுக் குடும்பங்கள் படுத்திருந்தோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கமராவோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். எங்கிருந்து வந்தவர் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா ஈரப் பாய் மேல் இருந்தபடி, தலையைக் கையால் ஒதுக்கி, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரித்தா. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று. அந்த மனிதர் இரண்டு படம் எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார்.

அழகையா விடவில்லை என்பதுதான் வித்தியாசம். பார்க்கப்படுகிறவர் ஒரு சிரிப்பில் தன்னைப் பார்க்கிறவராக மாறிவிட்டார் என்பது அவருக்கு உறைத்தது. அந்த ஆளின் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனாலும் அவருக்குத் தான் கடன்பட்டிருப்பதாக எழுதி முடிக்கிறார். இந்த உறைப்பு அவருக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஒரு நாட்டில் இருக்க முடியாமல் வெளிக்கிட்ட குடும்பத்துப் பிள்ளை அவர். கொஞ்சம் கணக்குப் பிசகியிருந்தால், அவர்களும் கமராவுக்கு மற்றப் பக்கம் நின்றிருக்கக்கூடும். லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் வருவதற்கு இன்னும் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பத்து வருடத்தில் அவர் போன இடங்களைப் பட்டியல் போட்டால் நீளும்: லைபீரியா, சியரா லியோன், புருண்டி, வட ஈராக்கில் சதாம் குர்து மக்களுக்குச் செய்தவை, கொசோவோ. 1994இல் புருண்டியின் உள்நாட்டுப் போர் பற்றிய செய்திகளுக்காக சர்வதேச மன்னிப்புச் சபை அவரை அந்த ஆண்டின் சிறந்த ஊடகவியலாளராகத் தெரிவு செய்தது. மண்டேலா, டெஸ்மண்ட் டுட்டு, கோஃபி அனான், முகாபே என்று பேட்டி கண்டவர்களும் சின்ன ஆட்கள் இல்லை. அந்த 1994ஐ மட்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் மண்டேலாவின் தேர்தல், உலக ஊடகம் முழுக்கத் தென்னாபிரிக்காவில் குவிந்து நிற்கிறது. அதே ஏப்ரலில் ருவாண்டாவில் படுகொலை தொடங்கி, நூறு நாளில் எட்டு லட்சம் பேர் அளவில் வெட்டிச் சாய்க்கப்படுகிறார்கள், அங்கே கமராக்கள் மிகக் குறைவு. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே கண்டத்தில் ஒரே மாதத்தில் வந்தால் இரண்டையும் பார்க்க உலகத்துக்குக் கண் போதாது போலும். ருவாண்டாவையும் அதன் பின்விளைவுகளையும் பற்றிச் செய்தி தந்தவர்களில் அழகையாவும் ஒருவர்.

இப்படி அலைந்தவரை 1999 அளவில் ஏன் கலையகத்துக்குள் உட்கார வைத்தார்கள்? எங்கள் ஊரில் இது விளங்காத சங்கதி, ஏனென்றால் எங்களுக்குச் செய்தி வாசிப்பாளர் என்றால் முதலில் குரல். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவை கொடிகட்டிப் பறந்த காலத்தில் உச்சரிப்புத்தான் தகுதி. லகர ளகர ழகரம் பிசகாமல், எழுதிக் கொடுத்ததைத் தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும். செய்தி எழுதுகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு. ரூபவாஹினி 1982இல் வந்தபோதும் அந்த மரபுதான் கூடவே வந்தது. பிபிசியும் ஆரம்பத்தில் இப்படித்தான், இன்னும் மோசம்கூட. 1955 வரை தொலைக்காட்சிச் செய்தியில் வாசிப்பவரின் முகத்தையே காட்டமாட்டார்கள், முகபாவம் செய்தியைக் கெடுத்துவிடும் என்ற பயம். அந்த வருடம் போட்டியாக ஐடிஎன் என்ற செய்தி நிறுவனம் வந்தது (எங்கள் ஊர் ஐடிஎன் சனல் இல்லை, பிரித்தானிய ஐடிஎன்). அவர்கள் ஊடகவியலாளர்களையே திரையில் இருத்தினார்கள். வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று சுற்றிய சாண்டி கோல் போன்றவர்கள் அங்கே இரவுச் செய்தியும் வாசித்தார்கள். பிபிசி 1981இல்தான் தன் ஒன்பது மணிச் செய்தியை நிருபர்களாக இருந்த ஜோன் ஹம்ஃப்ரிஸ், ஜோன் சிம்ப்சன் கையில் கொடுத்தது. 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தை உலகத்துக்குக் காட்டிய மைக்கல் பேர்க்கும் பின்னாளில் அதே ஒன்பது மணிக் கதிரைக்கு வந்தார். அழகையா வந்தது இந்த வரிசையில்.

இதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. நேரடிச் செய்தியில் வாசிப்பவரின் முன்னால் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும், காதுக்குள் இயக்குநர் வினாடி எண்ணிக்கொண்டிருப்பார். திடீரென்று ஒரு புதுச் செய்தி வந்து விழுந்தால் ஓடுகிற வரி நின்றுவிடும், களத்தில் நிற்கும் நிருபரோடு நேரே பேச வேண்டும். அப்போது எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எந்தக் கேள்வி அந்த நிருபரைத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல வைத்துவிடும் என்பது, அந்த மற்றப் பக்கத்தில் வெயிலில் நின்றவருக்குத் தெரியும். அழகையாவின் வாசிப்பில் நான் கவனித்தது இதைத்தான். குரல் ஒன்றும் பிரமாதமான கம்பீரக் குரல் இல்லை. ஆனால் கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

2003 ஜனவரியில் ஆறு மணிச் செய்திக்கு வந்தார். அது பிரித்தானியாவுக்கு உள்ளே மட்டும் போகிற செய்தி, கொழும்பில் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது பிபிசியின் உலகச் சனலில். 2006இல் இருந்து அதில் அவர் நடத்திய நிகழ்ச்சி 2010இல் 'ஜிஎம்டி' என்று பெயர் மாறி, கிரினிச் நேரம் நண்பகல் பன்னிரண்டுக்கு வந்தது. எங்களுக்கு மாலை ஐந்தரை. பிள்ளைகள் ரியூஷனுக்கு வெளிக்கிடுகிற நேரம், ஆனபடியால் பெரும்பாலும் அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறேன். அழகையா என்ற பெயர் திரையில் வரும்போது மட்டும் அப்பா நிமிர்ந்து பார்ப்பார்.

கலையகக் கதிரைக்கு ஒரு விலையும் உண்டு. நியாய வணிக அமைப்பான ஃபெயார்டிரேட் பவுண்டேஷனுக்கு அவர் புரவலராக இருந்தார். 2009இல், செய்தி வாசிக்கிறவர் அப்படி ஒரு பக்கத்தில் நிற்கக் கூடாது என்று பிபிசி சொன்னதால் விலக வேண்டி வந்தது. ஏழை விவசாயிக்குச் சரியான விலை கொடு என்பதில் என்ன பக்கச்சார்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கதிரையின் சட்டம் அதுதான். களத்தில் இருந்தபோது ஒரு அபிப்பிராயத்தைக் கண்ணீரோடாவது சொல்ல விட்டவர்கள், கலையகத்தில் அதை ஒரு பதவிப் பெயராகக்கூட வைத்திருக்க விடவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அவர் இலங்கைக்கு வந்து, இங்கே நின்றபடி லண்டனுக்குச் செய்தி வாசித்தார். பிறந்த நாட்டில் வெளிநாட்டு நிருபர். குடும்பத்தின் பழைய வீடு இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தார். வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. சகோதரிகளோடு சின்ன வயதில் விளையாடிய கிணறு ஒன்றை மட்டும் அடையாளம் கண்டுகொண்டார், அதுவும் இனிப் பாவிக்க முடியாத நிலையில் கிடந்தது. தண்ணீர்ப் பொறியியலாளரின் மகன் கடைசியில் கண்டுபிடித்தது ஒரு கிணற்றை என்பதை நான் எழுதும் கதையில் வைத்தால் வாசிப்பவர் நம்பமாட்டார்.

நோயைப் பற்றிக் கனக்க எழுத விருப்பமில்லை. 2014 ஏப்ரலில், 58 வயதில், பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது நாலாம் கட்டம், ஈரலுக்குப் பரவியிருந்தது. 17 சுற்றுக் கீமோதெரபி, ஈரலின் பெரும்பகுதியை எடுத்த சத்திரசிகிச்சை, 2015 நவம்பரில் திரும்பவும் திரையில். பிறகும் நோய் வந்து வந்து போனது, அவரும் கலையகத்துக்குப் போய்ப் போய் வந்தார். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். அந்த நேரம் ஸ்கொட்லாந்தில் இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையை 50 வயதில் தொடங்கினார்கள், இங்கிலாந்தில் 60இல். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். தன் நோயிலும் அவர் முதலில் பார்த்தது எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதால் வருகிற வித்தியாசத்தைத்தான்.

மருமகளுக்கு இவ்வளவும் சொன்னேனா என்றால் இல்லை, பாதிக்கு மேல் ரயில் போய்விட்டது. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு கேள்விக்கு விடை, ஒரு பக்கத்துக்குள். எழுதிக்கொண்டே, "அம்மம்மாவின்ர அந்தப் படம் இப்ப எங்க இருக்கு மாமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். யார் எடுத்தது, எந்த நாட்டுக்குப் போனது, எதிலாவது அச்சானதா, ஒன்றும் தெரியாது. குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே சொன்னா, "அவர் படமெடுக்க வந்த நேரம் அம்மா தலை இழுக்கேல்லை. அதுக்குப் பிறகு அங்க இருந்த நாள் முழுக்க, விடிய எழும்பினவுடன முதல் வேலை தலை இழுக்கிறதுதான்."